சட்டைக்குப் பிறந்த ஊர் எது?
மூன்றாமாண்டு இளங்கலை வணிகவியல் மாணவி

தறியும் தையலும் அருகருகே வாழும் பகுதி நம்முடையது. வாலாஜாபாத்திலிருந்து காஞ்சிபுரம் செல்லும் சாலையில் முத்தியால்பேட்டை, அய்யம்பேட்டை ஆகிய ஊர்களில் நெசவாளர் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. இதே பகுதியின் சிற்றூர்களிலிருந்து ஏற்றுமதி ஆடை நிறுவனங்களுக்குத் தையல் வேலைக்காகப் பெண்கள் நாள்தோறும் வேன்களில் செல்கிறார்கள். அங்கே தறியில் பிறப்பது புடவை. இங்கே தையல் எந்திரத்தில் பிறப்பது சட்டை. இரண்டும் கடல் கடக்கின்றன. அயல்நாட்டுத் துறைமுகத்தில் சுங்க அதிகாரி கேட்கும் முதற்கேள்வி, "இதன் விலை என்ன?" என்பது. அடுத்த கேள்வி, "இது எங்கே பிறந்தது?" என்பது. அந்த இரண்டாவது கேள்வியைப் பற்றியதே இக்கட்டுரை.

நம் பாடநூலில் இப்பொருள் அரைப்பக்கத்தில் முடிந்துவிடுகிறது. என் அக்கா ஓர் ஏற்றுமதி நிறுவனத்தின் ஆவணப் பிரிவில் பணியாற்றுகிறாள். அவளை இரவு உணவு வேளைகளில் துளைத்தெடுத்துக் கேட்டவையும், நூலகத்தில் படித்தவையும் சேர்ந்து இக்கட்டுரையாயின.

முன்னுரிமைத் தீர்வை என்பது யாது?

ஒரு நாடு அயல்நாட்டுச் சரக்கின்மேல் விதிக்கும் இறக்குமதித் தீர்வை, பொதுவாக எல்லா நாடுகளுக்கும் ஒன்றாகவே இருத்தல் வேண்டும் என்பது உலக வாணிக ஒழுங்கு. அவ்வொழுங்குக்கு விலக்காக, சில நாடுகளின் சரக்குக்கு மட்டும் தீர்வையைக் குறைப்பதோ நீக்குவதோ முன்னுரிமைத் தீர்வை எனப்படும். இது இரு வழிகளில் வரும். செல்வ நாடுகள் வளரும் நாடுகளுக்குத் தாமாக வழங்குவது ஒன்று. இரு நாடுகள் உடன்படிக்கை செய்துகொண்டு ஒன்றுக்கொன்று வழங்குவது மற்றொன்று.

முதல் வகையின் வரலாற்றில் நம் நாட்டுக்கு ஓர் இடமுண்டு. ஐக்கிய நாடுகள் அவையின் வாணிக, வளர்ச்சி மாநாடு இரண்டாம் முறையாக 1968-ல் புதுதில்லியில் கூடியபோதுதான், வளரும் நாடுகளுக்குப் பொது முன்னுரிமைத் திட்டம் வேண்டும் என்னும் தீர்மானம் நிறைவேறிற்று. ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் 1971 ஜூலையிலும், அமெரிக்கா 1976 ஜனவரியிலும் அதனைச் செயற்படுத்தின.

அதற்கு இருநூறு ஆண்டுகளுக்கும் மேல் முன்பு நம் துணி கண்டது முன்னுரிமையை அன்று, அதன் நேர்மாறை. இந்தியாவின் அச்சிட்ட துணிகளை இங்கிலாந்தில் விற்பதற்கு 1700-ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதித்தது. 1721-ஆம் ஆண்டுச் சட்டம் அத்தகைய துணிகளை அணிவதையே குற்றமாக்கியது. வெள்ளைத் துணியாக வாங்கி இலண்டனில் அச்சிட்டுக்கொள்ள இடையில் வாய்ப்பு இருந்தமையால், ஆங்கிலேயரின் அச்சுத் தொழில் வளர்ந்தது. சோழமண்டலக் கரையின் சாயக்காரருக்குக் கிட்டாத ஆதாயம் அது. அந்நாளில் சென்னையில் துறைமுகமும் இல்லை. கப்பல்கள் ஆழ்கடலில் நங்கூரமிட்டு நிற்க, துணிப் பொதிகள் மசூலா படகுகளில் அலையோடு மல்லுக்கட்டிப் போய்ச் சேர்ந்தன.

கணக்கு

பேசுவது வணிகவியல் என்பதால் ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுவோம். எண்கள் எடுத்துக்காட்டுக்காக நான் எடுத்துக்கொண்டவை; தீர்வை விகிதங்கள் மட்டும் உண்மையானவை.

ஒரு பருத்திச் சட்டையைக் கப்பலில் ஏற்றிக் கொடுக்கும் வரையிலான விலை, அதாவது எஃப்.ஓ.பி. விலை, 5 டாலர் என்க. கப்பல் கூலியும் காப்பீடும் 20 சென்ட். ஆக, ஐரோப்பியத் துறைமுகத்தில் தீர்வை கணக்கிடப்படும் மதிப்பு 5 டாலர் 20 சென்ட். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஆடைக்கான வழக்கமான தீர்வை 12 விழுக்காடு. எனவே ஒரு சட்டைக்கு 62.4 சென்ட், பத்தாயிரம் சட்டைகளுக்கு 6,240 டாலர். பொது முன்னுரிமைத் திட்டத்தின்கீழ் இந்தியச் சட்டை பல்லாண்டுகள் 9.6 விழுக்காடு கட்டிவந்தது. அவ்வகையில் அதே பத்தாயிரம் சட்டைகளுக்கு 4,992 டாலர். வேறுபாடு 1,248 டாலர். மிகவும் பின்தங்கிய நாடு என்னும் பட்டியலில் இருந்த வங்காளதேசத்தின் சட்டைக்கோ தீர்வையே இல்லை. 6,240 டாலரும் மிச்சம்.

இந்த மிச்சம் யார் பையில் விழுகிறது? இக்கேள்வியை நான் வகுப்பில் கேட்டபோது, ஏற்றுமதியாளர் பையில் என்றே பலரும் சொன்னார்கள். அன்று. தீர்வையைக் கட்டுபவர் இறக்குமதியாளர். ஆதலால் குறைந்த தீர்வையின் மிச்சம் முதலில் அவர் பையில்தான் விழும். அதில் ஒரு பங்கு நம் பக்கம் வர வேண்டுமானால் விலை பேசும் மேசையில் அதைக் கேட்டு வாங்க வேண்டும். பெரும்பாலும் கிடைப்பது கூடுதல் விலையன்று; "உங்களிடம் வாங்கினால் எங்களுக்குக் கட்டுப்படியாகிறது" என்னும் ஆர்டர். ஆர்டர் கிடைப்பதே பெரிதுதான்; தையல் எந்திரங்கள் ஓடும், வேன்கள் நிறைந்து போகும். ஆயினும் தீர்வை குறைந்தது என்ற செய்தியைப் படித்தவுடன் தைப்பவர் கூலி உயரும் என்று எழுதுவோர், இடையிலே இருக்கும் இந்த மேசையைப் பார்ப்பதில்லை.

நூல் பிறந்த ஊர்

இப்போது மையப் பொருளுக்கு வருவோம். "இந்தியாவில் தயாரிக்கப்பட்டது" என்று சட்டைக் கழுத்தில் துணுக்குச் சீட்டு தைத்துவிட்டால் அது இந்தியச் சட்டையாகிவிடுமா? கடைக்காரருக்கு ஆகலாம். முன்னுரிமைத் தீர்வைக்கு ஆகாது. ஒவ்வொரு சலுகையோடும் பிறப்பிட விதி என ஒன்று இணைந்தே வரும். சட்டையின் எந்தெந்தப் படிகள் எந்நாட்டில் நடந்திருக்க வேண்டும் என்பதை அது வரையறுக்கும்.

பஞ்சு நூலாகிறது; நூல் துணியாகிறது; துணி சட்டையாகிறது. இவை மூன்று படிகள். ஐரோப்பியப் பொது முன்னுரிமைத் திட்டம், நெய்த துணியில் தைத்த சட்டைக்கு, இந்தியா போன்ற நாடுகளிடம் பொதுவாகக் கடைசி இரண்டு படிகளைக் கேட்டது. அதாவது நெசவும் தையலும் இங்கேயே நடக்க வேண்டும். இதனை இரட்டை மாற்றம் என்பர். மிகவும் பின்தங்கிய நாடுகளுக்கு 2011 ஜனவரி முதல் ஒரு படி போதும் என்று ஐரோப்பா தளர்த்தியது. ஆகவே சீனத் துணியை இறக்கி டாக்காவில் தைத்த சட்டை, தீர்வையின்றி ஹாம்பர்க் துறைமுகத்தில் நுழைய முடிந்தது. அதே சீனத் துணியைச் சென்னையில் தைத்தால் முழுத் தீர்வை கட்ட வேண்டும். இரு சட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எந்தக் கண்ணாலும் வேறுபாடு காண முடியாது.

வேடிக்கை ஒன்றுண்டு. சட்டையின் பொத்தானும் பற்பிணையும் எந்நாட்டிலிருந்து வந்தாலும் இவ்விதியில் குற்றமில்லை. அவை நெசவுப் பொருள் அல்ல என்பதால் விலக்கு. ஆனால் துணி மட்டும் வேற்று நாட்டில் நெய்ததாக இருந்தால் சலுகை போயிற்று.

இந்த விதி தமிழகத்துக்குப் பொதுவில் சாதகமானது என்பதே என் கருத்து. கோயம்புத்தூர்ப் பகுதியின் நூற்பாலைகள், ஈரோடு, கரூர் வட்டாரத்துத் தறிகள், திருப்பூரின் பின்னல் எந்திரங்கள் ஆகியவற்றால் பஞ்சுக்குப் பின்னுள்ள எல்லாப் படிகளும் நமக்குள்ளேயே நடந்துவிடுகின்றன. பருத்தி ஆடையில் இரட்டை மாற்றத்தைக் கண்டு நாம் அஞ்ச வேண்டியதில்லை. செயற்கை இழைத் துணியில்தான் இடர். வாங்குபவரே, "இன்ன நாட்டு, இன்ன ஆலையின் துணியைத்தான் பயன்படுத்த வேண்டும்" என்று குறித்துக் கொடுப்பதும் உண்டு. அப்போது ஆடை நிறுவனத்தின் கை கட்டப்பட்டதாகிவிடுகிறது.

அக்கா பணியாற்றும் நிறுவனத்தில் சில ஆண்டுகளுக்கு முன் நடந்ததை இங்கே சொல்ல வேண்டும். ஐரோப்பாவுக்குச் செல்ல வேண்டிய பெண்கள் மேற்சட்டை ஆர்டர் அது. உள்நாட்டு ஆலையிலிருந்து துணி வரத் தாமதமாயிற்று. கப்பல் நாள் நெருங்கவே, கொள்முதல் பிரிவினர் சென்னையில் ஓர் இறக்குமதி வியாபாரியிடம் அதே எடை, அதே நிறத் துணியைக் கண்டுபிடித்து வாங்கிவிட்டார்கள். வெட்டி, தைத்து, ஊசி முறிந்த துண்டு ஏதும் சிக்கியிருக்கிறதா என உலோகம் காணும் எந்திரத்தில் ஓட்டி, அட்டைப் பெட்டிகளில் அடுக்கியும் ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமையும் வேன் வந்தது. விலைப்பட்டியலில் பிறப்பிட உறுதிமொழி எழுதும் நேரத்தில்தான், துணி எங்கே நெய்யப்பட்டது என்பதற்கான சீட்டு கோப்பில் இல்லை என்பதை அக்கா கண்டாள். விசாரித்தால் சீனத் துணி.

முன்பு இச்சலுகைக்கு 'ஃபார்ம் ஏ' என்னும் சான்றிதழை ஏற்றுமதி ஆய்வுக் குழுமம், நெசவுப்பொருள் குழு போன்ற அமைப்புகளிடம் பெற வேண்டும். 2017 முதல் பதிவுபெற்ற ஏற்றுமதியாளர் முறை வந்தது. பதிவு எண் உடைய ஏற்றுமதியாளர் தாமே விலைப்பட்டியலில் ஓர் உறுதிமொழி வாக்கியம் எழுதினால் போதும். வேலை எளிதாயிற்று; பொறுப்பு கனத்தது. எழுதியது மெய்தானா என ஐரோப்பியச் சுங்கத்தார் பின்னாளில் கேட்கலாம். அதற்கான ஆவணங்களைக் குறைந்தது 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும்.

அன்று அந்த ஒரு வாக்கியத்தை எழுதியிருந்தால் உடனடியாக யாரும் கேட்டிருக்கப் போவதில்லை. "எழுதிவிடேன்" என்று சொன்னவர்களும் இருந்தார்கள். அக்கா கோப்பை எடுத்துக்கொண்டு உரிமையாளர் அறைக்குப் போனாள். அவர் நெடுநேரம் கணக்கிட்டுப் பார்த்துவிட்டு, உறுதிமொழி இல்லாமலே சரக்கை அனுப்பச் சொன்னார். வாங்கியவர் கூடுதல் தீர்வையைப் பணத்திலிருந்து கழித்துக்கொண்டார். கழிக்கப்பட்ட தொகை, அந்த ஞாயிற்றுக்கிழமை வேலைக்குக் கொடுத்த மிகைநேரக் கூலியைவிட அதிகம் என்றாள் அக்கா. அதன்பின் அவர்கள் துணி கொள்முதல் படிவத்தில் 'நெய்யப்பட்ட நாடு' என்று ஒரு கட்டம் சேர்த்திருக்கிறார்கள். தீர்வைச் சலுகை துறைமுகத்தில் தீர்மானிக்கப்படுகிறது என்றே நான் நினைத்திருந்தேன். உண்மையில் அது துணி வாங்கும் நாளிலேயே தீர்மானமாகிவிடுகிறது.

கடல்வழி

விமானத்தில் அனுப்பும் கூலி ஆடையின் ஆதாயத்தை விழுங்கிவிடும் என்பதால், பெரும்பகுதி ஆடை கடல்வழியேதான் போகிறது. நம் பக்கத்துச் சரக்கு சென்னைத் துறைமுகத்திலோ, வடக்கேயுள்ள காட்டுப்பள்ளி, எண்ணூர்த் துறைமுகங்களிலோ ஏறும். திருப்பூர்ச் சரக்குக்குத் தூத்துக்குடி வசதி. இருபது அடிக் கொள்கலம் ஒன்றில் ஏறத்தாழ 33 கன மீட்டர் இடமுண்டு. அதை நிரப்பும் அளவு சரக்கு இல்லாத சிறு நிறுவனங்கள், பிறர் சரக்கோடு ஒரே கொள்கலத்தில் பங்கு போட்டு அனுப்பும்.

கொள்கலத்தைத் துறைமுகத்தில் ஒப்படைக்கக் கப்பல் நிறுவனம் ஒரு கடைசி மணி குறிக்கும். அதற்குள் சுங்கத்தில் ஷிப்பிங் பில் தாக்கல் செய்து ஏற்றுமதி அனுமதியும் பெற்றிருக்க வேண்டும். தவறினால் அடுத்த கப்பல்; அதாவது ஒரு வாரம். கப்பலில் ஏறியபின் 'பில் ஆஃப் லேடிங்' என்னும் சரக்கேற்றச் சீட்டு கிடைக்கும். சரக்குக்கு அதுவே பற்றுச்சீட்டு, ஒப்பந்தத்துக்குச் சான்று, உரிமைப் பத்திரமும் அதுவே என்று நாம் தேர்வில் எழுதுகிறோம். முன்னுரிமைத் தீர்வையில் அதற்கு நான்காவதாக ஒரு பயன் உண்டு.

நம் கொள்கலங்கள் பல நேராக ஐரோப்பா செல்வதில்லை. கொழும்பிலோ சிங்கப்பூரிலோ இறங்கிப் பெரிய கப்பலுக்கு மாறும். சரக்கு வழியில் வேற்று நாட்டு மண்ணைத் தொட்டால் பிறப்பிடம் கெடுமா? கெடாது, ஆனால் அங்கே சுங்கக் காவலில் இருந்திருக்க வேண்டும், சரக்கில் எவ்வித மாற்றமும் செய்திருக்கக் கூடாது. புறப்பட்ட துறைமுகம் முதல் சேருமிடம் வரை ஒரே தொடர்ச்சியாக எழுதப்பட்ட சரக்கேற்றச் சீட்டும், உடையாத முத்திரையுமே அதற்குச் சான்று.

2023 இறுதியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டபோது, பல கப்பல்கள் சூயஸ் கால்வாயை விட்டு நன்னம்பிக்கை முனையைச் சுற்றின. பயணம் பத்து நாள், இரண்டு வாரம் என நீண்டது. வேனிற்கால ஆடை வேனில் தொடங்கும் முன் கடைக்குப் போகாவிட்டால் தள்ளுபடி விலைக்குத்தான் விற்கும். 2.4 விழுக்காட்டுச் சலுகையை அத்தாமதம் எளிதில் தின்றுவிடும்.

கொடுத்த கை எடுக்கவும் செய்யும்

தாமாக வழங்கும் சலுகையில் ஒரு குறை உண்டு. வழங்கியவர் விரும்பும்போது திரும்ப எடுத்துக்கொள்ளலாம். ஒரு நாட்டின் குறிப்பிட்ட சரக்கு ஐரோப்பியச் சந்தையில் அளவுக்கு மேல் இடம்பிடித்தால், அச்சரக்குக்குச் சலுகை நிறுத்தப்படும். இதனைத் 'தேர்ச்சி' என்றே அழைக்கிறார்கள். இந்தியாவின் நூல், துணி வகைகள் 2014-லேயே இவ்வாறு தேர்ச்சி பெற்றுச் சலுகையை இழந்தன. மாணவர்களாகிய நாம் அறிந்தவரை, தேறியதற்காக உதவித்தொகையை நிறுத்தும் தேர்வு இது ஒன்றுதான்!

இலங்கையின் நிலை இன்னும் கடுமையானது. மனித உரிமை உள்ளிட்ட பன்னாட்டு உடன்படிக்கைகளை நிறைவேற்றும் நாடுகளுக்கு ஐரோப்பா வழங்கும் 'ஜி.எஸ்.பி. பிளஸ்' சலுகை அந்நாட்டுக்கு இருந்தது. அவ்வுடன்படிக்கைகளை நிறைவேற்றுவதில் குறைபாடு கண்டு, 2010 ஆகஸ்டில் அச்சலுகையை ஐரோப்பா நிறுத்தியது. 2017 மே மாதம் மீண்டும் வழங்கியது. இடைப்பட்ட ஏறத்தாழ ஏழாண்டுகள் இலங்கை ஆடைத் தொழில் முன்பு நீங்கியிருந்த தீர்வைச் சுமையோடு போட்டியிட்டது. அரசின் நடத்தைக்கும் தையல் மேசையின் ஆர்டருக்கும் இவ்வளவு நேரடித் தொடர்பு இருக்கக்கூடும் என்பதை நான் இதைப் படிக்கும் வரை எண்ணிப் பார்த்ததில்லை.

அமெரிக்காவைப் பற்றி ஒரு தெளிவு வேண்டும். 2019 ஜூன் 5-ல் இந்தியாவைத் தன் பொது முன்னுரிமைத் திட்டத்திலிருந்து அமெரிக்கா நீக்கியபோது, ஆடைத் தொழிலே அழியும் எனப் பேசப்பட்டது. ஆனால் பெரும்பாலான ஆடைகள் அமெரிக்கத் திட்டத்தில் என்றுமே இடம்பெற்றதில்லை. உண்மையான அடி 2025-ல் விழுந்தது. பருத்திப் பனியனுக்கு வழக்கமான தீர்வை 16.5 விழுக்காடு, அதன்மேல், ஆகஸ்ட் 27 முதல் இந்தியச் சரக்குக்குக் கூடுதலாக 50 விழுக்காடு விதிக்கப்பட்டது. அதனின்று தப்பப் பிறப்பிடச் சான்று உதவாது. இந்தியாவில் பிறந்தது என்பதே அங்கே சுமையாயிற்று.

உடன்படிக்கை வழிச் சலுகை ஓரளவு உறுதியானது. ஜப்பானோடு 2011 ஆகஸ்ட் முதலும், ஐக்கிய அரபு அமீரகத்தோடு 2022 மே 1 முதலும், ஆஸ்திரேலியாவோடு 2022 டிசம்பர் 29 முதலும் உடன்படிக்கைகள் நடைமுறைக்கு வந்தன. அமீரகத்தில் நம் ஆடைக்கு இருந்த 5 விழுக்காடு நீங்கியது. இங்கிலாந்தோடு 2025 ஜூலை 24-ல் கையெழுத்தான உடன்படிக்கை, ஆடைமீதான 12 விழுக்காடு வரையுள்ள தீர்வையை நீக்க வகை செய்கிறது. ஒவ்வொன்றுக்கும் பிறப்பிட விதி வேறு, படிவம் வேறு. ஜப்பானுக்குத் தகுந்த சட்டை மற்றொரு நாட்டுக்குத் தகும் என்று கொள்ளலாகாது.

புடவைக்கு வருவோம்

இவ்வளவு சட்டையைப் பற்றிப் பேசிவிட்டுப் புடவையை விட்டால் முத்தியால்பேட்டை உறவினர்கள் என்னை வீட்டுக்குள் விட மாட்டார்கள்.

தீர்வை அட்டவணையில் தைத்த ஆடைகளுக்கு 61, 62 எனத் தனி அதிகாரங்கள் உள்ளன. பட்டுப் புடவை அவற்றில் இல்லை. தைக்கப்படாத நீளத் துணி என்பதால், நம் நாட்டு அட்டவணை அதனைப் பட்டுக்குரிய 50-ஆம் அதிகாரத்தில், பட்டுத் துணிகளின் தலைப்பின்கீழ் வைத்திருக்கிறது. உடுத்துபவருக்கு ஆடை, சுங்கத்துக்குத் துணி. எனவே சட்டைக்குச் சொன்ன 'நெசவும் தையலும்' விதி இதற்குப் பொருந்தாது. துணிக்குரிய விதியையே பார்க்க வேண்டும். பாவும் ஊடும் கர்நாடகப் பட்டாக இருந்தால் தொல்லை இல்லை. சீனக் கச்சாப் பட்டு கலந்திருந்தால், அந்தந்த உடன்படிக்கை துணிக்கு எத்தனை படிகள் கேட்கிறது என்று பார்த்தே சொல்ல முடியும்.

கைத்தறிக்கு ஒரு காலத்தில் தனிச் சிறப்பு இருந்தது. 1974 முதல் நடப்பிலிருந்த பல்லிழை உடன்பாடு, செல்வ நாடுகளுக்குச் செல்லும் துணிக்கும் ஆடைக்கும் அளவுக் கட்டுப்பாடு விதிக்க இடம் தந்தது. அவ்வுடன்பாட்டின் 12-ஆம் பிரிவு, குடிசைத் தொழிலில் கையால் நெய்த துணிகளுக்கும், அவற்றால் கையால் செய்த பொருள்களுக்கும், முறையான சான்று இருக்குமானால், கட்டுப்பாட்டிலிருந்து விலக்களித்தது. தறி கையால் இயங்குகிறது என்று ஒரு தாள் சொன்னால் வழி திறந்தது. 1965-ல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு அமைந்த கைத்தறி ஏற்றுமதி மேம்பாட்டுக் குழு அக்காலத்தில் கைத்தறியின் பக்கம் நின்றது. 2005 ஜனவரி 1-ல் அளவுக் கட்டுப்பாடுகளே நீங்கியபோது அவ்விலக்கின் பொருளும் நீங்கிற்று. விசைத்தறித் துணியும் கைத்தறித் துணியும் ஒரே வாயிலில் விலையால் மோத வேண்டியதாயிற்று.

காஞ்சிபுரத்துப் புடவைகள் நம்மவர் மிகுந்து வாழும் சிங்கப்பூருக்குச் செல்கின்றன. இந்தியாவுக்கும் சிங்கப்பூருக்கும் 2005 ஆகஸ்ட் முதல் உடன்படிக்கை உண்டு. ஆயினும் துணிக்கும் ஆடைக்கும் அந்நாடு எவரிடமும் இறக்குமதித் தீர்வை வாங்குவதில்லை. சரக்கு, சேவை வரி மட்டுமே உண்டு. ஆகையால் அங்கே செல்லும் புடவைக்கு முன்னுரிமைச் சான்று வாங்கினாலும் தீர்வையில் மிஞ்சுவது ஒன்றுமில்லை. அங்குள்ள கடைக்காரர்கள் கேட்பது, பட்டு தூய்மையானதா என்று காட்டும் சில்க் மார்க் சீட்டையும், சரிகையில் வெள்ளி எவ்வளவு என்பதையுந்தான்.